வாசலுக்குத் திரும்பிய குப்பை

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதக் கடைசியில் பெங்களூரில் ஒரு வேடிக்கை நடந்தது. தெருவோரத்தில் குப்பையை வீசிவிட்டுப் போனவர்களைக் கண்காணித்து, அவர்களின் வீடு எதுவென்று கண்டுபிடித்து, குப்பையை வண்டியில் கொண்டுபோய் அந்த வாசலிலேயே கொட்டினார்கள் திடக்கழிவு நிர்வாக ஊழியர்கள். அபராதமும் விதித்தார்கள். 'கச சுரியுவ ஹப்ப', அதாவது குப்பை கொட்டும் திருவிழா என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். பத்திரிகைகளில் படங்கள் வந்தன. சிலர் கைகொட்டிச் சிரித்தார்கள். சிலர், 'இது என்ன அநியாயம்' என்று கொதித்தார்கள்.

இந்தத் தண்டனை முறைதானா என்ற வாதம் ஒருபுறம் இருக்கட்டும். சிறிது நேரம் வாசலில் குப்பை கிடந்ததையே ஒரு குடும்பத்தால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆண்டுக்கணக்கில் அந்தக் குப்பையை வாசலில் வைத்துக்கொண்டு சோறு சாப்பிட்ட ஊர்கள் பெங்களூரைச் சுற்றி இருக்கின்றன. அவற்றின் பெயர்களைக் கேட்டால் நகரத்தில் பலருக்கு வழிகூடச் சொல்லத் தெரியாது.

எலகங்காவுக்கு அப்பால் இருக்கிறது மாவள்ளிபுரா. பெங்களூரின் குப்பை அங்கே மலையாகக் குவிந்தது. கிணற்று நீர் கெட்டது, ஈ மொய்த்தது, ஊர் மக்கள் போராடினார்கள். 2012இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தலையிட்டு அந்தக் கிடங்கு மூடப்பட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டில் நகரமே நாறியதை இங்கு வாழும் தமிழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்க்கெட்டு வாசல், பள்ளிக்கூடச் சுவர், கோயில் முனை என்று பார்த்த இடமெல்லாம் குப்பை. 'பூங்கா நகரம்' என்று பேர் வாங்கிய ஊருக்கு வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'குப்பை நகரம்' என்று பேர் வைத்தன.

பிறகு லாரிகள் கிருஷ்ணராஜபுரத்தைத் தாண்டி மண்டூருக்குத் திரும்பின. ஏற்கெனவே குப்பை போய்க்கொண்டிருந்த ஊர்தான் அது. இப்போது மாவள்ளிபுராவின் பங்கும் அதன் தலையில் விழுந்தது. இரவு பகலாக லாரிகள் ஓடின. 2014 ஜூனில் மண்டூர் மக்கள் சாலையில் உட்கார்ந்து லாரிகளை மறித்தார்கள். போலீஸ் காவலோடு குப்பை லாரிகள் போன கூத்தும் நடந்தது. அந்த ஆண்டு இறுதியில்தான் மண்டூருக்குக் குப்பை போவது நின்றது. அங்கே நின்றதே தவிர, வேறு ஊரில் தொடங்கியது. பெள்ளஹள்ளி, மிட்டகானஹள்ளி என்று வடபுறத்துக் கல்குவாரிகள் ஒவ்வொன்றாக நிரம்பத் தொடங்கின.

தமிழ் வாசகர்களுக்கு மனத்தில் தைக்க வேண்டிய இன்னொரு ஊர் உண்டு. 2012க்குப் பிந்திய ஆண்டுகளில், பெங்களூர்க் குப்பையைக் கொட்டக் கோலார் தங்கவயல் ஏற்ற இடம் என்றொரு யோசனை கிளம்பியது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டுவிட்டது, நிலம் சும்மாதானே கிடக்கிறது என்று அதற்குக் காரணமும் சொன்னார்கள். நூறாண்டுக்கு மேல் அந்தப் பூமிக்குள் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் வடாற்காடு, சேலம் பக்கத்துத் தமிழர்கள். தங்கத்தை எடுத்துக்கொண்டு குப்பையைக் கொடுப்பதா என்று தங்கவயல் மக்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. ஸ்ரீராமபுரத்திலும் அல்சூரிலும் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்குத் தங்கவயலில் அண்ணன், மாமன், சம்பந்தி உண்டு. காலையில் சமையற்கட்டிலிருந்து வெளியே போகும் பை தன் மாமன் வீட்டு வாசலுக்குப் போகிறது என்றால் யாருக்குத்தான் அதைக் கட்டாமல் எறிய மனம் வரும்?

பெங்களூரில் நாள்தோறும் சேரும் குப்பை சுமார் 5,000 டன் என்று அதிகாரிகளே கூறிவருகிறார்கள். வீடுகளிலிருந்து வருவதில் பாதிக்கு மேல் காய்கறித் தோல், மிச்சச் சோறு, வாடிய பூ, தேயிலைச் சக்கை போன்ற ஈரக் குப்பை. இந்த ஈரக் குப்பையில்தான் எல்லாத் தொல்லையும் அடங்கியிருக்கிறது. தனியாக இருந்தால் இரண்டு மாதத்தில் உரமாகிவிடும் பொருள் அது. பிளாஸ்டிக்கோடும் கண்ணாடியோடும் ஒரே பையில் போட்டு முடிச்சுப் போட்டுவிட்டால் காற்றுப் படாமல் அழுகும். குவியலின் அடியில் கிடந்து மீத்தேன் வாயுவை வெளிவிடும். எளிதில் தீப்பற்றும் வாயு அது. மழை பெய்தால் குவியல் வழியாக இறங்கும் கருநீர் நிலத்தடி நீரில் கலக்கும். ஈரம் பட்ட காகிதத்தையும் அட்டையையும் பழைய பேப்பர் கடைக்காரர் வாங்கமாட்டார். ஆக, காசாகக்கூடிய பொருளும் கெட்டு, உரமாகக்கூடிய பொருளும் கெட்டு, இரண்டும் சேர்ந்து ஒரு கிராமத்தைக் கெடுக்கின்றன. சென்னைப் பெருங்குடியில் 2022 ஏப்ரலில் கிடங்கு பற்றி எரிந்ததும், கொச்சிப் பிரம்மபுரத்தில் 2023 மார்ச்சில் பல நாள் எரிந்து நகரத்தையே புகை மூடியதும் இப்படிக் கலந்து குவித்த குப்பையால்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2012 அக்டோபரிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுப்பது பெங்களூரில் கட்டாயமாக்கப்பட்டது. 2015 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் 'இரண்டு கூடை, ஒரு பை' முறையை வீட்டுக்கு வீடு கடைப்பிடிக்க உத்தரவிட்டது. பச்சைக் கூடையில் ஈரக் குப்பை, பையில் உலர்ந்த குப்பை, சிவப்புக் கூடையில் குழந்தைகளின் டயாப்பர், மாதவிலக்குத் துணி, கட்டுப்போட்ட பஞ்சு போன்றவை. 'ஹசி கச', 'ஒண கச' என்று ஆட்டோக்காரர் கூவுவது தமிழ் வீடுகளில் சிறு பிள்ளைக்கும் மனப்பாடம். ஆயினும் சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி, விடிவதற்குள் முனையில் வைத்துவிட்டு ஓடும் பழக்கம் போகவில்லை.

இதில் பொதுமக்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. ஆட்டோ வரும் நேரம் பல தெருக்களில் நிலையில்லை. காலை ஆறு மணிக்கு வேலைக்குப் புறப்படும் கணவனும் மனைவியும் எட்டு மணிக்கு வரும் ஆட்டோவுக்கு எப்படிக் காத்திருக்க முடியும்? இன்னொன்று, வீட்டுக்காரர் அக்கறையாகப் பிரித்துக் கொடுத்ததை அவர் கண்ணெதிரிலேயே ஒன்றாகக் கொட்டிக் கலக்கும் வண்டிகளும் உண்டு. ஒருமுறை அதைப் பார்த்த இல்லத்தரசி மறுநாள் பிரிப்பதை விட்டுவிடுவார். 2025 செப்டம்பரில் நகரம் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. நிர்வாகத்தைப் பிரித்தவர்கள் குப்பையையும் பிரித்து ஏற்றிச்செல்ல வேண்டும்.

கட்டண விஷயத்திலும் ஒரு குறை இருக்கிறது. 2025 ஏப்ரலிலிருந்து சொத்து வரியோடு சேர்த்துக் குப்பைக் கட்டணம் விதிக்கப்பட்டது. வீடுகளுக்குக் கட்டடத்தின் பரப்பே கணக்கு. மாதம் 10 ரூபாய் முதல் 400 ரூபாய் வரை. பத்துப் பை குப்பை போடும் வீடும் ஒரு பிடி போடும் வீடும் ஒரே பரப்பாக இருந்தால் ஒரே கட்டணம்தான். சொந்தத் தொட்டியில் உரம் போடும் குடும்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு தள்ளுபடி கொடுத்தால், நூறு விளம்பரப் பலகை செய்யாத வேலையை அது செய்யும்.

சரி, அதிகாரிகள் திருந்தும்வரை வீட்டில் செய்யக்கூடியது ஏதுமில்லையா? நிறைய உண்டு. அதில் பெரும்பகுதி புதிதாகக் கற்க வேண்டியதே இல்லை. ஒரு தலைமுறைக்கு முன்னால் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் கழுநீர்ப் பானை என்று ஒன்று இருந்தது. அரிசி களைந்த நீர், காய்த்தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் அதில் போகும். மாலையில் பால்காரர் வந்து மாட்டுக்கு எடுத்துப் போவார். தேங்காய் ஓடு அடுப்புக்குப் போனது. பழைய புடவை தொட்டிலாகி, பிறகு கரித்துணியாகி, கடைசியில் அடுப்படித் துடைப்பாகத் தேய்ந்தது. அந்த வீடுகளில் குப்பை என்று வெளியே போனது கைப்பிடிதான்.

மாடு போய்விட்டது, விறகடுப்பும் போய்விட்டது. அதற்காகப் பழக்கமும் போக வேண்டியதில்லை. முதலில் அளவு. நான்கு பேர் வீட்டில் ஐந்து பேருக்கு உலை வைப்பதும், ஞாயிற்றுக்கிழமை ரஸ்ஸல் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்தது என்று மூன்று கட்டுக் கீரை வாங்கி, வியாழனன்று இரண்டு கட்டை எறிவதும் எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம். மலிவு என்று வாங்கியதில் பாதி குப்பைக்குப் போனால் அது மலிவே இல்லை. மிஞ்சிய சோறு காலையில் பழையதாகலாம், வடகமாகலாம். முள்ளங்கிக் கீரையைப் பொரியல் செய்யலாம். பீர்க்கங்காய்த் தோலில் துவையல் அரைக்கத் தெரியாத தமிழ்ப் பெண்மணி இருக்க முடியாது. நாளொன்றுக்கு ஒரு வீட்டில் அரைக் கிலோ குறைந்தால், ஒரு லட்சம் வீடுகளில் 50 டன் குறையும். அத்தனை லாரிகள் மிட்டகானஹள்ளிப் பக்கம் போகவேண்டியிராது.

அடுத்தது உரம். 'எங்களுக்குத் தோட்டம் ஏது? ஒற்றை அறை வீட்டில் எங்கே போய் உரம் போடுவது?' என்று கேட்பார்கள். ஓர் அடி அகலமுள்ள மண் தொட்டியோ பழைய பிளாஸ்டிக் வாளியோ போதும். பக்கங்களிலும் அடியிலும் துளைகள் போட்டு, அடியில் காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ ஒரு சாண் பரப்ப வேண்டும். தினமும் காய்த்தோலைச் சிறிதாக நறுக்கிப் போட்டு, மேலே ஒரு பிடி சருகு தூவ வேண்டும். புளித்த மோர் கொஞ்சம் தெளித்தால் மக்குவது விரைவாகும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை குச்சியால் கிளறிவிட வேண்டும். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள். இன்னும் இரண்டு பிடி சருகு போட்டால் நின்றுவிடும். எறும்பு வந்தால் காய்ந்துவிட்டது என்று பொருள், நீர் தெளிக்கலாம். தொட்டி நிரம்பியதும் மூடி வைத்துவிட்டு இரண்டாவது தொட்டியைத் தொடங்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் மழை மண் வாசனையோடு கருப்பு உரம் கிடைக்கும். இறைச்சி, மீன் எலும்பு, எண்ணெய் மிதக்கும் குழம்பு ஆகியவற்றைப் பழகாதவர்கள் போடாமலிருப்பது நல்லது. பெங்களூரின் மரங்கள் கொட்டுகிற சருகுக்குப் பஞ்சமே இல்லை. அதைத் தெருவில் கொளுத்துகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

நகரக் குப்பையை உரமாக்குவது கர்நாடகத்துக்குப் புதிய விஷயமும் அல்ல. 1975லேயே கர்நாடகக் கம்போஸ்ட் வளர்ச்சிக் கழகம் என்று அரசு ஓர் அமைப்பைத் தொடங்கியது. குப்பையைப் பிரிக்காமல் கொடுத்தால் எந்தக் கழகத்தாலும் நல்ல உரம் செய்ய முடியாது. உடைந்த டியூப்லைட்டும் பேட்டரியும் கலந்த உரத்தை எந்த விவசாயி தன் வயலில் போடுவார்?

உலர்ந்த குப்பை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதில் காசு இருப்பதால் பழைய பேப்பர் கடை அதைப் பார்த்துக்கொள்கிறது. ஒரு சின்ன விஷயம் மட்டும். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டும்போது துண்டு தனியாக விழும்படி வெட்டாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்ட வேண்டும். அந்த நகக்கண் அளவுத் துண்டைப் பொறுக்கி எடுக்க யாராலும் முடியாது, சாக்கடைக்குத்தான் போகும். பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்தால் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பிளாஸ்டிக் பைக்குக் கர்நாடகம் 2016 மார்ச்சிலேயே தடை விதித்துவிட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரியில் தடை வந்தது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே இயக்கம் நடத்தியது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த மஞ்சள் பை ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் பீரோவுக்கு மேல் மடித்துக் கிடக்கிறது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனால் 'பட்டிக்காட்டான்' என்று யாராவது நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் தடை. ஓட்டலில் சாம்பார் வாங்கத் தூக்குவாளி எடுத்துப் போகவும் அதே கூச்சம்தான் குறுக்கே நிற்கிறது. கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவந்து குழந்தைக்கு ஊற்றுவதில் மட்டும் கூச்சமில்லை.

கன்டோன்மென்ட் நிலையத்தில் சென்னை ரயில் ஏறுகிறவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். முன்பெல்லாம் புளியோதரையும் தயிர்ச் சாதமும் வாழையிலையில் கட்டி வரும். இலை ஜன்னலுக்கு வெளியே போனாலும் ஆடு தின்றது. இன்று அதே கை அதே ஜன்னலில் தெர்மாகோல் தட்டை எறிகிறது. பங்காருப்பேட்டை வரை தண்டவாளத்தின் இரு பக்கமும் பார்த்தால் தெரியும்.

குப்பைக்கு அடுத்த முனையில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது மறந்துபோகிறது. அதிகாலையில் தெருக் கூட்டும் பௌரகார்மிகர்களில் தலைமுறை தலைமுறையாக இதே வேலையில் இருக்கும் தெலுங்கு, தமிழ்க் குடும்பங்கள் உண்டு. பெரும்பாலோர் பெண்கள். நெடுங்காலம் ஒப்பந்தக்காரர்களிடம் கஷ்டப்பட்ட அவர்களில் 12,000க்கும் மேற்பட்டோருக்கு 2025 மே தினத்தன்று நிரந்தரப் பணி ஆணை கிடைத்தது. பாராட்டத்தக்க செயல். ஆனால் பணி ஆணை கையில் இருந்தாலும், அந்தக் கையைக் கிழிப்பது பைக்குள் கிடக்கும் சவரப் பிளேடு, உடைந்த தம்ளர், ஊசி. அவற்றைத் தினசரிப் பத்திரிகைத் தாளில் நன்றாகச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு குறி போட்டுக் கொடுக்க அரை நிமிடம் ஆகும். மாதவிலக்குத் துணியையும் டயாப்பரையும் அப்படியே தனியாகச் சுற்றிக் கொடுக்கலாம். பிறர் அழுக்கை வெறுங்கையால் பிரிக்கும் நிலைக்கு ஒரு பெண்ணை ஆளாக்கிவிட்டுக் கோயிலில் போய் அர்ச்சனை செய்வதில் என்ன பயன் இருக்க முடியும்?

குப்பை பொறுக்கிப் பிழைப்பவர்களையும் பெங்களூர் கொஞ்சம் மதிக்கக் கற்றிருக்கிறது. 2011 முதல் அவர்களுக்கு மாநகராட்சி அடையாள அட்டை வழங்கப்பட்டது. இந்தியாவிலேயே இது முன்மாதிரியான செயல். வட்டந்தோறும் உள்ள உலர்குப்பை மையங்கள் பலவற்றை அவர்களே நடத்துகிறார்கள். சாக்கோடு அலைந்தவர் கணக்கு எழுதி மையம் நடத்துகிறார். அவருக்கு வரும் பொருள் சுத்தமாக வந்தால்தான் அவர் அடுப்பு எரியும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் ஆலப்புழையைப் பார்க்கலாம். அந்த நகரின் குப்பையைச் சுமந்த சர்வோதயபுரம் கிராமத்து மக்கள் லாரிகளைத் தடுத்து நிறுத்தினார்கள். கொட்ட வேறு இடமில்லை. 2012இல் நகராட்சி வேறு வழியின்றி வீட்டுக்கு வீடு உரக் குழாயும் சாண எரிவாயுக் கலன் போன்ற சிறு கலன்களும் கொடுத்தது. ஈரக் குப்பை வீட்டிலும் தெருவிலுமே தீர்ந்தது. 2017இல் ஐக்கிய நாடுகள் சபையின் சுற்றுச்சூழல் அமைப்பு உலகுக்கு எடுத்துக்காட்டான நகரங்களின் வரிசையில் ஆலப்புழையைச் சேர்த்தது. மண்டூர் மக்கள் மறித்தபோது பெங்களூர் இன்னொரு குவாரியைத் தேடியது. சர்வோதயபுரம் மறித்தபோது ஆலப்புழை தன் சமையற்கட்டைத் தேடியது. பெங்களூரின் அளவு பெரிது என்பது உண்மை. ஆனால் அளவு எத்தனை பெரிதானாலும் சமையற்கட்டு ஒரே அளவுதான்.

தமிழ் அமைப்புகள் செய்யக்கூடிய காரியம் ஒன்றுண்டு. பொங்கல் விழா, ஆண்டு விழா, கோயில் அன்னதானம், கல்யாண மண்டபம் ஆகிய இடங்களில் குவியும் பிளாஸ்டிக் தம்ளரும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலும் சாதாரணமல்ல. பாதி குடித்த பாட்டில்களை ஒரு மண்டபத்தின் பின்பக்கம் போய்ப் பார்த்தால் வயிறு எரியும். எவர்சில்வர் தம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது. வாழையிலைக்குப் பெங்களூரில் பஞ்சமில்லை. பந்தி முடிந்ததும் இலையைத் தனியாகச் சேர்த்துக் கொடுக்க மண்டபக்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தால் போதும். பெண் வீட்டார் சொன்னால் மாப்பிள்ளை வீட்டாரும், மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் மண்டபக்காரரும் கேட்டுக்கொள்வார்கள்.

ஆயுத பூஜை மறுநாள் நகரம் இருக்கும் கோலம் தனிக் கதை. உடைத்த பூசணிக்காயில் வழுக்கி விழுந்து கைகாலை முறித்துக்கொள்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. வாசலில் கட்டிய வாழைக்கன்று நான்கு நாள் கிடந்து அழுகும். பூசணிக்காயை வாசலோரமாக உடைத்து, அன்று மாலையே பச்சைக் கூடையில் எடுத்துப் போடுவதைச் சாஸ்திரம் எங்கும் தடுக்கவில்லை.

போகி இன்னும் மோசம். பழைய பாயும் கிழிந்த துடைப்பமும் எரித்த காலத்தில் புகை ஒரு மணி நேரத்தில் கலைந்தது. ஸ்ரீராமபுரம், ஓகலிபுரம் சந்துகளில் விடியற்காலையில் டயரும் பிளாஸ்டிக் நாற்காலியும் எரிகின்றன; ஆஸ்துமாக்காரர்கள் வீட்டில் அன்று பொங்கல் கிடையாது, மருந்துதான். எரிக்கக் கிடைக்கும் பொருளில் பாதி உலர்குப்பை மையத்தில் காசுக்கு எடுபடும். உடுத்தக்கூடிய துணியைக் கேட்டு வாங்கிக்கொள்ள அதே தெருவில் ஆள் இருப்பார். போகிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை தெரு இளைஞர்கள் ஒரு தள்ளுவண்டியோடு வீடு வீடாகப் போய்ப் பழைய சாமான்களைச் சேர்த்து மையத்தில் போட்டு, கிடைத்த பணத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பு வாங்கிக் கொடுக்கலாம்.